சும்மா கிடந்த பதினெட்டுக் குச்சிகள்

அவர் கையில் நான் வளையல் பார்த்ததில்லை. வலது மணிக்கட்டில் பத்துப் பன்னிரண்டு ரப்பர் பேண்டுகள் கிடக்கும். சாம்பார்ப் பொட்டலத்தில் வந்தது, பூக்கடையில் போட்டுக் கொடுத்தது, பிள்ளைகள் வீட்டிலிருந்து பொறுக்கி வந்தது என்று சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக. காலையில் நிறைந்திருக்கும் கை சாயங்காலம் காலியாக இருந்தால் அன்றைக்குக் கணக்குப் பாடம் நன்றாக நடந்திருக்கிறது என்று அந்தப் பள்ளியில் எல்லோருக்கும் தெரியும்.

முத்தாபுதுப்பேட்டைக்கு அப்பால், பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு தொடக்கப் பள்ளியில் அவர் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. நான் அப்போது உதவித் தொடக்கக் கல்வி அலுவலர். அதாவது சொல்லாமல் கொள்ளாமல் பள்ளிக்குள் போய் நின்று, பதிவேடுகளைப் புரட்டி, குறை கண்டுபிடிப்பதற்காக அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஆள். என் பணிக்காலத்தில் ஆசிரியர்கள் என்னிடம் கேட்காத சலுகை இல்லை. மாறுதல் கேட்டார்கள், மாறுதல் ரத்து கேட்டார்கள், வராத நாளுக்கு வந்ததாகக் கையெழுத்து கேட்டார்கள். இந்த அம்மாள் கேட்டது ஒன்றே ஒன்று. ஒரு வருடத்தின் நடுவில், ஏப்ரல் முடியும்வரை தன்னைத் தன் வகுப்பிலேயே விட்டுவைக்க வேண்டும் என்று கேட்டார். அதை என்னால் முழுதாகக் கொடுக்க முடிந்ததா என்பது எனக்கு இன்றைக்கும் தீராத கேள்வி.

முதல் ஆண்டாய்வின்போது அவர் வகுப்பின் கணக்கு நோட்டுகளை மேசையில் அடுக்கச் சொன்னேன். பிரித்துப் பார்த்தால் திருத்திய அடையாளமே இல்லை. சரியான விடைக்கு டிக் இல்லை. தப்பான விடைக்குப் பெருக்கல் குறி இல்லை. பக்கத்தின் அடியில் தேதியோடு சுருக்கொப்பம் இல்லை. எங்கள் துறையில் பாடமே நடத்தாமல் ஒரு வருடத்தை ஓட்டிவிடலாம், யாருக்கும் தெரியாது. நோட்டு திருத்தாமல் இருந்தால் உடனே பிடிபடுவோம். சிவப்பு மை கண்ணுக்குத் தெரிகிற பொருள்.

"என்னம்மா இது, ஒண்ணுகூடத் திருத்தலையே?"

"சரியா போட்டுகீறாங்களான்னு இன்னும் தெரியல சார்."

"விடையைப் பார்த்தா தெரியாதா? நாற்பத்தேழும் முப்பத்தஞ்சும் எண்பத்திரண்டு. சரியாத்தானே இருக்கு?"

"எண்பத்திரண்டு சரிதான் சார். இந்தப் பொண்ணு சரியான்னு கேட்டுட்டு டிக் போடலாம்னு இருக்கேன்."

இப்படிப் பதில் சொல்கிறவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். வகுப்பை நானே சோதித்துவிடுவது. கரும்பலகையில் 26 என்று எழுதி, "இரண்டின் இடமதிப்பு என்ன?" என்று கேட்டேன். இருபத்து மூன்று பிள்ளைகளும் கூரை அதிர "இருபது!" என்றார்கள். எனக்குத் திருப்தி. இதற்குமேல் ஒரு மூன்றாம் வகுப்பிடம் என்ன வேண்டும்?

"ஒரு நிமிஷம் சார்" என்று அவர் முன்வரிசையிலிருந்து ரோஜா என்ற பெண்ணைக் கூப்பிட்டார். தரையில் தென்னந்துடைப்பக் குச்சிகளை, ஒரே அளவாக வெட்டியவற்றை, பரப்பினார். எண்ணச் சொன்னார். ரோஜா எண்ணினாள். இருபத்தாறு. சிலேட்டில் எழுதச் சொன்னார். எழுதினாள். அவர் ஆறின் மேல் விரலை வைத்தார்.

"இந்த ஆறு எதுமா, காட்டு."

ரோஜா ஆறு குச்சிகளை ஒரு பக்கம் ஒதுக்கினாள்.

"இந்த ரெண்டு?"

இரண்டு குச்சிகளை எடுத்து இன்னொரு பக்கம் வைத்தாள். நடுவில் பதினெட்டுக் குச்சிகள் கிடந்தன.

"அப்ப இது இன்னா?"

ரோஜா அவற்றைப் பார்த்தாள். அவள் முகத்தில் எந்தச் சங்கடமும் இல்லை.

"அது சும்மா கீது டீச்சர்."

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் என்னை உறுத்தியது. பக்கத்தில் இருந்த பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டு, ஆமாம், சும்மாதான் கிடக்கிறது என்பதுபோல் உட்கார்ந்துகொண்டார்கள்.

"இப்பத்தானே எல்லாரும் இருபதுன்னாங்க?" என்றேன்.

"அது பாட்டு சார். நல்லா பாடுவாங்க."

"சரி, இதை எப்போ சரி பண்ணப் போறீங்க?"

"நான் எங்க பண்றது? பதினெட்டு சும்மா கெடக்கே, இது இன்னாடான்னு ஒரு நாளைக்கு அவளுக்கே தோணணும். அதுக்குள்ள நான் சொல்லிட்டன்னா அதையும் பாடிடுவா."

சொல்லிவிட்டு ஒரு நீளமான நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். அந்த வகுப்பிலேயே ஒழுங்காகத் தேதி போட்டு எழுதப்பட்ட நோட்டு அது ஒன்றுதான். பிள்ளைகள் அதற்குத் 'தப்பு நோட்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். யார் என்ன தப்பு செய்தார்கள், எப்படி வந்தது என்று கேட்டதற்கு என்ன சொன்னார்கள் என்று அதில் இருக்கும். அதில் தன் பெயர் வருவது பிள்ளைகளுக்குப் பெருமை. "டீச்சர், என்துத எழுதிட்டீங்களா?" என்று கேட்பார்கள்.

அவருடைய குணம் மொத்தமும் அந்த நோட்டில் இருந்தது. ஒரு தப்பைப் பார்த்தால் அவருக்கு முகம் மலர்ந்துவிடும். "எப்டிமா வந்துச்சு?" என்பார். சரியான விடையைப் பார்த்தாலும் அதே முகம், அதே கேள்வி. அதனால் அவர் முகத்தைப் பார்த்து விடை சரியா தப்பா என்று எந்தப் பிள்ளையாலும் ஊகிக்க முடியாது. மற்ற வகுப்புகளில் பிள்ளைகள் கணக்கைவிட வாத்தியார் முகத்தைத்தான் நன்றாகப் படிப்பார்கள்.

நூற்று மூன்று என்று சொன்னால் 1003 என்று எழுதுகிற பிள்ளைகள் உண்டு. எல்லாப் பள்ளியிலும் உண்டு. காதைத் திருகுவது வழக்கமான சிகிச்சை. இவர் அதை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். "நூறுன்னதும் நூறு எழுதிகீறா. மூணுன்னதும் மூணு எழுதிகீறா. இன்னா சார் தப்பு? நாம சொன்னதைத்தான் எழுதிகீறா. ரெண்டும் ஒரே எடத்துல ஒக்காரணும்னு நாமதான சார் முடிவு பண்ணோம், அவளக் கேட்டா பண்ணோம்?"

தலைமையாசிரியர் ஐந்தாம் வகுப்புக்குக் கழித்தல் நடத்தும்போது இந்த அம்மாள் பக்கத்து வகுப்பில் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். இடையில் ஒரு மரத்தட்டிதான். தலைமையாசிரியரும் எல்லோரையும்போல, "ரெண்டுல ஏழு போவாது, பக்கத்து ஊட்ல போயி கடன் வாங்கு" என்பார். ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது இவர் அவரிடமே கேட்டுவிட்டார்.

"கடன்னா திருப்பிக் குடுக்கணுமே சார். இத்தினி வருஷமா ஒருத்தர் ஒரு பத்தையாவது திருப்பிக் குடுத்தாங்களா?"

"ஐயோ அம்மா, முப்பது வருஷமா வாங்கிகினு கீறோம், ஒரு புள்ளயும் கேக்கல."

"கேக்கல, சரி. வாயத் தொறந்தா ஒத வுழும்னு தெரியும் அதுங்களுக்கு."

அவர் வகுப்பில் கடன் கிடையாது. 'கட்டைப் பிரி' என்பதுதான் பேச்சு. பத்துக் குச்சியை எண்ணி ரப்பர் பேண்ட் போட்டால் ஒரு கட்டு. பத்துக் கட்டைச் சேர்த்துச் சிவப்பு ரிப்பனால் கட்டினால் பெரிய கட்டு, நூறு. கழிக்கும்போது தனிக்குச்சி போதவில்லையென்றால் கட்டைப் பிரித்துக்கொள்ள வேண்டியது. யாரிடமும் போய் நிற்க வேண்டாம்.

ஒருமுறை ஆவடியில் பயிற்சி முகாம். பளபளப்பான நெகிழிக் கனசதுரங்களும் பத்து அலகு நீளமுள்ள கோல்களும் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பெட்டி கொடுத்தார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். இவர் ஒரு கோலைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தார்.

"சார், இந்தப் பத்து ஒடையுமா?"

பயிற்சியாளர் பெருமையாக, "ஒடையவே ஒடையாது மேடம். நல்ல குவாலிட்டி" என்றார்.

"ஒடையலன்னா எப்டி சார் கழிக்கிறது?"

இருப்புப் பதிவேட்டில் அந்தப் பெட்டி ஏறியது. அலமாரியில் பூட்டப்பட்டது. துறையில் ஒரு பொருள் அடையக்கூடிய உயர்ந்த நிலை அது.

பள்ளிக்கூடத்தோடு இந்தக் குணம் நின்றிருந்தால் பரவாயில்லை. தாமத வருகைப் பதிவேட்டில் ஒரு நாள் அவருக்கு எதிரே காரணம் என்ற கட்டத்தில் நான்கு வரி எழுதியிருந்தது. பூந்தமல்லிப் பக்கம் கரையான்சாவடியில் அவர் வீடு. ஷேர் ஆட்டோக்காரர் ஆவடிக்குப் போகிற வழியில் தவறான திருப்பத்தில் திரும்பி ஏதோ ஒரு குடியிருப்புக்குள் போய் மாட்டிக்கொண்டிருக்கிறார். மற்றவர்கள் திட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டார்கள். இவர் இறங்கவில்லை. பதிவேட்டில் இவர் எழுதியிருந்த கடைசி வரி: 'அவர் அந்தத் திருப்பத்தில் என்ன நினைத்துத் திரும்பினார் என்று கேட்டுக்கொண்டிருந்ததில் நாற்பது நிமிடம் ஆனது.' இதை எந்த வகை விடுப்பில் சேர்ப்பது என்று தலைமையாசிரியர் எனக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். அரை நாள் தற்செயல் விடுப்பு என்று பதில் போட்டேன்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே பார்த்திருக்கலாம். ஒரு புகார் மனு வந்ததுதான் வினை.

எழுதியவர் பாஸ்கர் என்கிற ஆட்டோமொபைல் மெக்கானிக். அந்த ஊர்க்காரர். அப்பன் பாட்டன் காலத்தில் பயிர் வைத்த குடும்பம், இப்போது நிலம் இருந்த இடத்தில் அடுக்குமாடி. அவர் மகள் பவித்ரா மூன்றாம் வகுப்பில். அடுக்குமாடியில் குடிவந்திருக்கிற கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் ஒருவரின் பெண் மெட்ரிக் பள்ளியில் அதே மூன்றாம் வகுப்பு. அந்தப் பெண் நான்கு இலக்கத்தில் கழிக்கிறாள், என் பெண் துடைப்பக் குச்சியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், நோட்டில் டிக்கே இல்லை. இதுதான் மனு.

புகார் வந்தால் விசாரணை, விசாரணைக்குப் பிறகு அறிக்கை. இதுதான் முறை. ஆனால் அது மாதக் கடைசி. நிலுவை மனுக்களின் எண்ணிக்கையைப் பூஜ்யமாகக் காட்ட வேண்டிய நேரம். அதனால் அறிக்கையை முதலில் அனுப்பிவிட்டு விசாரணையைப் பிறகு வைத்துக்கொண்டேன். 'ஆசிரியை மாணவர் நோட்டுகளைத் திருத்துவதில்லை. கழித்தலில் எதிர்பார்க்கப்படும் நிலை எட்டப்படவில்லை.' இரண்டு வாக்கியமும் உண்மை. மாவட்ட அலுவலகத்துக்குப் போய்விட்டது.

மறுவாரம் விசாரணைக்குப் போனேன். பாஸ்கர் கையில் கிரீஸோடு வந்து நின்றார்.

"இன்னா டீச்சர், எதிர் ஊட்டுப் பொண்ணு நாலு எலக்கம் கழிக்குது. எம் பொண்ணு ஊட்ல வந்து தொடப்பத்தப் பிச்சிகினு கீறா. எங்கூட்டுக்காரி பெருக்க எதுவும் இல்லாம கத்துறா."

"ஒக்காருங்கண்ணே."

"நிக்கிறேன் பரவால்ல. நோட்ல ஒரு டிக்கு கூட இல்லையே டீச்சர்?"

அவர் பாஸ்கருக்குப் பதில் சொல்லாமல் சாக்பீஸை என்னிடம் நீட்டினார். "சார், முந்நூத்தி ரெண்டுல நூத்தி நாப்பத்தேழு போட்டுக் காட்டுங்க."

நான் போட்டேன். மூன்றை அடித்து இரண்டு. பூஜ்யத்தை அடித்து பத்து, அதை அடித்து ஒன்பது. இரண்டு பன்னிரண்டாயிற்று. நூற்று ஐம்பத்தைந்து. பத்து நொடிகூட ஆகவில்லை. பாஸ்கர் மகளைப் பார்த்து, "பாத்தியா?" என்றார்.

ரோஜா கையைத் தூக்கினாள். "சார், அந்த ஒம்போது எங்கேந்து வந்துச்சு?"

"பூஜ்யத்துகிட்ட ஒண்ணும் இல்லையா? அதனால நூறுகிட்ட வாங்கினோம்."

"நூறுகிட்ட வாங்குனா நூறுதான வரணும்? பத்து போட்டீங்க?"

"பத்துதான்மா. அப்புறம் அதுல ஒண்ணு பக்கத்துக்குக் கொடுத்துட்டோம். ஒன்பது."

"ஒண்ணு குடுத்தா ரெண்டு மூணுதான ஆவணும்? பன்னண்டு ஆச்சே?"

நான் பாஸ்கரைப் பார்த்தேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சொல்லுங்க சார்" என்றார்.

எம்.எஸ்ஸி. கணிதம் படித்தவன் நான். அந்தக் கோடுகளை ஐம்பது வருடமாக அடித்துவந்திருக்கிறேன். சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட்டேன்.

ரோஜாவே தரையில் உட்கார்ந்தாள். மூன்று பெரிய கட்டு, இரண்டு தனிக்குச்சி. ஒரு பெரிய கட்டின் ரிப்பனை அவிழ்த்தாள். பத்துச் சின்னக் கட்டுகள் விழுந்தன. அதில் ஒன்றை எடுத்து ரப்பர் பேண்டைக் கழற்றி டீச்சரின் கையில் மாட்டிவிட்டு, பத்துக் குச்சியை அந்த இரண்டோடு சேர்த்தாள். நடுவில் மிச்சம் இருந்த கட்டுகளை எனக்குச் சுட்டிக் காட்டினாள்.

"இந்தா கீது சார் உங்க ஒம்போது."

பாஸ்கர் இப்போது உட்கார்ந்துவிட்டார். பிறகு மகளிடம், "பவித்ரா, நீ பண்ணு பாக்கலாம்" என்றார். பவித்ரா ஒரு பெரிய கட்டை எடுத்து மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். ரிப்பனைத் தொடவில்லை.

"பிரிமா. இன்னா பயம்?"

"உடுங்கண்ணே" என்றார் அவர். "அவ இன்னிக்குப் பிரிக்க மாட்டா."

"எப்பதான் பிரிப்பா?"

"ஏப்ரலுக்குள்ள பிரிச்சுடுவான்னு நெனைக்கிறேன்."

பாஸ்கர் எழுந்து லுங்கியை உதறிக்கொண்டு, "சார், அந்த மனுவக் கிழிச்சுடுங்க" என்றார். மனுவைத் திரும்பப் பெற்றதாக எழுதி வாங்கிக்கொண்டேன். அதற்கு விதி இருக்கிறது. போய்ச் சேர்ந்துவிட்ட அறிக்கையைத் திரும்பப் பெறத்தான் விதி இல்லை.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் ஆணை வந்தது. நிர்வாக நலன் கருதி மாறுதல். பூந்தமல்லிப் பக்கத்துப் பள்ளி, அவர் வீட்டிலிருந்து நடந்தே பத்து நிமிடம். தண்டிப்பதாக நினைத்துக்கொண்டு யாரோ ஒரு பிரிவு எழுத்தர், மற்றவர்கள் வருடக்கணக்கில் காத்துக்கிடக்கும் இடத்தை அவருக்குக் கொடுத்திருந்தார். தலைமையாசிரியர் ஸ்வீட் கேட்டார். இவர் மறுநாள் ஆவடியில் என் அலுவலகத்துக்கு வந்தார்.

"ஏப்ரல் வரைக்கும் என்னை இங்கயே உட்ருங்க சார்."

"ஊட்டுப் பக்கத்துலயே கிடைச்சிருக்கேம்மா?"

"இப்பதான் சார் நூறப் பிரிக்க ஆரம்பிச்சுகீறோம். எட்டு பேரு பிரிச்சிட்டாங்க. மீதிப் பேரு கட்டக் கையில வெச்சிகினு நிக்கிறாங்க. நடுவுல உட்டுட்டுப் போனன்னா வர்றவங்க கடன் வாங்கக் கத்துக் குடுத்துடுவாங்க. வெட சரியா வந்துடும் சார். அப்புறம் ஆயுசுக்கும் பிரிக்க மாட்டாங்க."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அறிக்கை எழுதியது நான்தான் என்று அவருக்குத் தெரியும். கேட்டிருந்தால், எப்படி எழுதினேன் என்று சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. நான் உட்காரக்கூடச் சொல்லாததைப் பிறகுதான் உணர்ந்தேன்.

மாவட்ட ஆணையை ரத்து செய்ய எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் ஒரு ஆணையைத் தொலைக்காமல் அலைய விடுவது எப்படி என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்த மாவட்டத்தில் யாருக்கும் தெரியாது. ஆணையில் அவருடைய தலைப்பெழுத்து ஒன்று விடுபட்டிருந்தது. திருத்தம் கோரித் திருப்பி அனுப்பினேன். மூன்று வாரம். திருத்தி வந்தபோது, பதில் ஆசிரியர் சேராத நிலையில் விடுவித்தால் வகுப்புக்கு ஆளில்லாமல் போகும் என்று சுட்டிக்காட்டித் தெளிவுரை கேட்டேன். தெளிவுரை வந்தது. அதற்குள் அவருடைய பணிப்பதிவேட்டைச் சரிபார்ப்புக்கு அனுப்பியிருந்தேன். அது இல்லாமல் விடுவிக்கக் கூடாது. எல்லாமே விதிப்படி. ஒவ்வொரு கடிதத்திலும் விதியின் எண் உண்டு.

வெள்ளிக்கிழமை தோறும் பள்ளியின் வாராந்திரத் தபாலோடு ஒரு துண்டுச் சீட்டு வரும். அதில் ஒரு எண் மட்டும் இருக்கும். பதினொன்று. அடுத்த வாரம் பதினான்கு. ஒரு வாரம் அதே பதினான்கு. அம்மை போட்டு நான்கைந்து பேர் வரவில்லை என்று சீட்டின் பின்பக்கம் எழுதியிருந்தது. நூறைப் பிரித்துவிட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை அது. சீட்டைப் படித்துவிட்டு அடுத்த ஆட்சேபத்தைத் தேட உட்காருவேன். பதினேழு. பத்தொன்பது. என் அலுவலகத்துக்கு வந்த புள்ளிவிவரங்களிலேயே நான் நம்பியது அது ஒன்றைத்தான்.

ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் மாவட்டத்திலிருந்து தொலைபேசி வந்தது. அதற்குமேல் முடியவில்லை. பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலோடு அவர் வந்தார். பட்டியலில் கற்பித்தல் பொருட்கள் என்ற தலைப்பில், 'நூறு கட்டு 9, பத்துக் கட்டு 14, தனிக்குச்சி 6' என்று எழுதியிருந்தார். அதன் கீழே தலைமையாசிரியர் கூட்டிப் போட்டிருந்தார்: மொத்தம் 29. முத்திரையும் குத்தியிருந்தார். நானும் பார்க்காமல் மேலொப்பம் இட்டுவிட்டேன்.

அவர் அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "இருக்கட்டும் சார், மாத்தாதீங்க. ரோஜா பாத்தா உங்க ரெண்டு பேரையும் ஒக்கார வெச்சுக் கேப்பா."

பிறகு சொன்னார்: "இருபத்தொண்ணு ஆச்சு சார். ரெண்டு பேரு பாக்கி."

"நான் என்னம்மா செய்யறது?"

"ஜூன்ல ஒரு பத்து நாளு?"

மேசைமேல் விதித்தொகுப்பு கிடந்தது. அதை எடுத்துப் புரட்டுவதுபோல் புரட்டினேன். "என்கிட்ட இருந்ததெல்லாம் தீர்ந்துபோச்சு" என்றேன்.

அவர் தலையாட்டினார். நன்றி சொல்லவில்லை, எனக்கும் அது வேண்டியிருக்கவில்லை. ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, என் மேசையின் ஓரத்திலேயே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினார். அடுத்த வருடம் அந்த இருவரையும் எடுக்கிறவருக்கு. நான்காம் வகுப்பு தலைமையாசிரியரிடம்தான் வரும்.

'கீர்த்தனா விடை சரியாகப் போடுவாள். நம்ப வேண்டாம். பவித்ராவுக்குப் பத்தைப் பிரிக்க வரும். நூறைப் பிரிக்க மாட்டாள். பிரித்தால் நூறு போய்விடும் என்று நினைக்கிறாள். போகாது என்று சொல்ல வேண்டாம். சொன்னால் நம்பிவிடுவாள். அவளே பிரித்து எண்ணட்டும். நடுவில் யாராவது பேசினால் விட்டுவிட்டு முதலிலிருந்து எண்ணுவாள். எண்ணட்டும்.'

இந்தத் தாளை எந்தக் கோப்பில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மாணவர் ஒருவர் எதை நினைத்துப் பயப்படுகிறார் என்பதற்கு எங்களிடம் பதிவேடு இல்லை.

ஜூனில் பள்ளி திறந்த இரண்டாம் வாரம் அதை எடுத்துக்கொண்டு நானே போனேன். கீர்த்தனா இல்லை. அவள் அப்பாவுக்கு ஓசூரில் வேலை; மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். தலைமையாசிரியர் தாளைப் படித்துவிட்டு நெற்றியைத் தடவினார்.

"நல்லாத்தான் எழுதிகீறாங்க. ஆனா ரெண்டு கிளாஸ வெச்சிகினு நான் எங்க சார் ஒருத்திகூட ஒக்கார்றது?"

ஆய்வுக்குப் போகிற அலுவலர் ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு மாதிரிப் பாடம் நடத்த வேண்டும் என்று ஒரு விதி உண்டு. பல ஆண்டுகளாக ஒவ்வொரு அறிக்கையிலும் 'மாதிரிப் பாடம் நடத்தப்பட்டது' என்று எழுதிவந்திருக்கிறேன். ஒரு முறைகூட நடத்தியதில்லை. பவித்ராவைக் கூப்பிட்டு, புது ஆசிரியர் இன்னும் சேராததால் காலியாக இருந்த மூன்றாம் வகுப்பு அறையில் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தேன். முட்டி மடங்க நேரம் பிடித்தது. அலமாரியிலிருந்து ஒரு பெரிய கட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"டீச்சர் வர மாட்டாங்களா சார்?"

"வர மாட்டாங்கம்மா."

அவள் கட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். தலைக்குமேல் ஒரு விமானம் தாழப் பறந்து போனது. அவள் ரிப்பனின் முடிச்சைத் தொட்டாள், விட்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, ஒரே இழுப்பில் அவிழ்த்தாள். பத்துக் கட்டுகளும் சரிந்து விழுந்தன. அவள் திடுக்கிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னும் நூறுதானா சார்?"

ஆமாம் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. மூடிக்கொண்டேன். அவள் என் முகத்தில் தேடினாள். அதில் எதுவும் தெரியாதபடி வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரிந்தது.

அவள் ரப்பர் பேண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். எல்லாக் குச்சிகளையும் ஒரே குவியலாக்கி, ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். அறுபத்து நான்கில் தலைமையாசிரியர் டீயோடு எட்டிப் பார்த்து, "சார், பதிவேட்ல இன்னா எழுதட்டும்? பதினோரு மணிக்கு உங்களுக்கு மீட்டிங்காமே, போன் வந்துச்சு" என்றார். அவள் எண்ணியதையெல்லாம் குவியலுக்குள் தள்ளிவிட்டு மறுபடி ஒன்று என்றாள். நான் அவரைப் பார்த்துக் கையசைத்தேன். போய்விட்டார்.

டீ ஆறியது. இடைவேளை மணி அடித்து, பிள்ளைகள் ஓடி, மணி மறுபடி அடித்து அடங்கியது. எண்பதுகளில் அவள் குரல் மெலிந்து உதடு மட்டும் அசைந்தது. கடைசிக் குச்சியை எடுத்து இந்தப் பக்கம் வைத்தாள்.

"நூறு."

பாவாடையை உதறிப் பார்த்தாள். பாயைத் தூக்கி அடியில் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

"எங்கயும் போவல சார்" என்றாள். பிறகு அலமாரிப் பக்கம் பார்த்தாள். "இன்னொன்னு பிரிக்கட்டா?"